படுக்கும்போது ஒன்று

பெரிய ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில், எக்ஸ்ரே எடுக்கும் இடத்தைத் தாண்டிப் போனால் பச்சைக் கதவு போட்ட நீளமான அறை ஒன்று வரும். வெளியே பலகை கிடையாது. தேடி வருகிறவர்களுக்கு வழி தெரியும், மற்றவர்களுக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. எச்.ஐ.வி. கிருமி உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்து கொடுக்கிற இடம் அது.

அந்த அறையின் கோடியில், ஜன்னலை ஒட்டி ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் போன் அக்கா என்பார்கள். ஒரு காலத்தில் கட்டட வேலையில் செங்கல் சுமந்தவள். கழுத்து இன்னும் கொஞ்சம் உள்வாங்கித்தான் இருக்கும். அவளுக்கும் அதே கிருமி, அதே மாத்திரை. வருஷக்கணக்கில் விடாமல் போட்டு உடம்பு தேறி, கன்னம் உப்பி நிற்கிறவள். "உன்னைப் பார்த்தாலே பாதி பேருக்குப் பயம் போயிடும்" என்று சொல்லித்தான் அவளை அங்கே வேலைக்கு வைத்தார்கள். புதிதாக வருகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்ல வேண்டும். மருந்து வாங்க வராமல் நின்றுபோனவர்களைப் போனில் பிடித்து, கெஞ்சியோ அதட்டியோ திரும்ப வரவைக்க வேண்டும். இதுதான் வேலை. தலையில் சுமை இல்லை என்றாலும் சாயங்காலம் ஆனால் உடம்பு அதே மாதிரிதான் அலுத்துப்போகிறது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

டாக்டர் புதிய ஆளுக்கு எல்லாவற்றையும் பொறுமையாகத்தான் சொல்வார். ஆனால் வியாதியின் பெயரைக் கேட்ட அதிர்ச்சியில் இருக்கிறவன் காதில் எது ஏறும்? அதனால் அக்கா கடைசியில் சுருக்கமாக ஒருமுறை சொல்லி அனுப்புவாள். யாருக்கும் கொடுக்காதே, ஒன்றையும் வீணாக்காதே, ஒரு நாளும் விடாதே, படுக்கும்போது ஒன்று. இதைச் சொல்லிச் சொல்லி அவள் வாய்க்கு அது பாட்டு மாதிரி ஆகிவிட்டிருந்தது.

அவளுடைய போனை எடுக்காதவர்களில் ஒருவன் சில நாளாக அவள் மனசை அரித்துக்கொண்டிருந்தான். சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். ஆள் நெட்டை, கழுத்தும் நெட்டை, தண்ணீர் குடிக்க ஆரம்பித்தால் குடம் காலியாகும். கிடங்கில் அவனுக்கு ஒட்டகம் என்று பெயர். மருந்து ஆரம்பித்து அதிக காலம் ஆகவில்லை. முதல் தடவை மருந்து வாங்க வந்தபோது பெண்டாட்டியும் கூட வந்திருந்தாள். அவளுக்குக் கிருமி இல்லை. இருந்தும் முகம் சுளிக்காமல், டாக்டர் முன்னால் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். எங்களுக்கு ஒரு பெண் இருக்கிறாள், இன்னொரு பிள்ளை வேண்டும் என்று ஆசை, இனிமேல் அது நடக்குமா? டாக்டர் நடக்கும் என்றார். மருந்தைச் சரியாகப் போட்டு, ரத்தத்தில் கிருமி சோதனையில் அகப்படாத அளவுக்கு அடங்கி, அப்படியே நிலைத்து நின்றால் உங்களுக்கும் ஒட்டாது, பிள்ளைக்கும் ஒட்டாது, தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம் என்றார். அன்றைக்கு அந்தப் பெண் ஒட்டகத்தைப் பார்த்த பார்வை அக்காவுக்கு மறக்கவே இல்லை. பரீட்சைக்குப் போகிற பிள்ளையைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

அப்படிப்பட்டவன், தவணைக்கு நடுவில் மீதி மாத்திரையை எண்ணிக் காட்ட வர வேண்டிய நாளில் வரவில்லை. கூப்பிட்டால் மணி அடிக்கும், பாதியில் நின்றுவிடும். மறுபடி அடித்தால் போனே அணைந்திருக்கும்.

அன்றைக்குக் காலையில் அவன் பெண்டாட்டியே அக்காவைக் கூப்பிட்டாள். புகார் சொல்ல இல்லை, சும்மா விசாரிக்கிற தோரணைதான். அவன் வாரம் முழுக்கக் கிடங்கிலேயே தங்கி, வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிறவன். போன வாரம் வரவில்லை, வேலை ஜாஸ்தி என்றானாம். போனில் பேசும்போது குரல் தூக்கத்தில் பேசுகிற மாதிரி இருக்கிறதாம். மருந்தெல்லாம் ஒழுங்காகப் போகிறது என்கிறானாம்.

"அந்த ரத்த டெஸ்ட் எப்போக்கா எடுப்பாங்க? நான் மனசுக்குள்ள நாள் எண்ணிட்டே இருக்கேன்."

அவன் வரவே இல்லை என்று இவளிடம் எப்படிச் சொல்வது? ஒருவர் சங்கதியை இன்னொருவரிடம், அது பெண்டாட்டியே ஆனாலும், முதலில் எடுத்து வைக்கக்கூடாது என்பது அந்த அறையின் கட்டுப்பாடு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு, அக்கா எழுந்து தோள்பையை மாட்டிக்கொண்டாள். கழுத்தில் தொங்கிய ஆஸ்பத்திரி அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். வெளியே போகும்போது அவள் ஆஸ்பத்திரிக்காரி இல்லை, யாரோ ஒரு பொம்பளை.

கிடங்கு ஊரின் ஓரத்தில், லாரிகள் வரிசைகட்டி நிற்கிற சாலையில் இருந்தது. தகரக் கூரை, ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய மூட்டைகள், காற்று முழுக்க சிமெண்டும் சாக்குத்தூசியும். ஒரு லாரியிலிருந்து கிடங்கின் மேடைக்குப் பலகை போட்டு, அதன்மேல் ஆட்கள் மூட்டையோடு ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பலகை ஒவ்வொரு அடிக்கும் வளைந்து நிமிர்ந்தது. அதைப் பார்த்ததும் அக்காவின் கால்கள் தாமாகவே பழைய தாளத்தைப் பிடித்துக்கொண்டன. யார் சுமக்கத் தெரிந்தவன், யார் முதுகை ஒடித்துக்கொள்ளப் போகிறவன் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள்.

வாசலில் மேஸ்திரி மறித்தார். தலையில் துண்டு, காதில் பென்சில், தொப்பை மட்டும் தனியாக முன்னால் வருகிற ஆள். யார் வேண்டும் என்று கேட்டார். ஒட்டகத்தின் உயரத்தைக் கையால் காட்டி அவனைப் பார்க்க வேண்டும் என்றாள். நீ யார் என்றார். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"அவனுக்கு நான் அக்கா."

அவ்வளவுதான், மேஸ்திரி பிடித்துக்கொண்டார். அக்கா என்று ஒருத்தி இருப்பதை அவன் இத்தனை நாளும் சொல்லவே இல்லையே என்றார். தம்பி ஒருத்தன் இங்கே கிடந்து அல்லாடுகிறான், கூடப் பிறந்தவள் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறாயா என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். செய்யாத தப்புக்குத் திட்டு வாங்குவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, மனசு வலிப்பதில்லை. நடுவில் ஒருவன் நாற்காலி கொண்டுவந்து போட்டான், இன்னொருவன் டீ கொண்டுவந்து நீட்டினான். ஒட்டகத்துக்கு இப்படி ஒரு அக்காவா, உயரத்தில் பாதிகூட இல்லையே என்றான் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவன். அவனுடைய அம்மா பாலை எல்லாம் அவனுக்கே ஊற்றிவிட்டாள் போலிருக்கிறது என்றான் அடுத்தவன். அக்காவும் சிரித்துவிட்டாள்.

டீ பாதி ஆனதும் மேஸ்திரி குரலைத் தணித்துக்கொண்டார்.

"தங்கச்சி, மறைக்காம சொல்றேன். அவன் கொஞ்ச நாளா சரியில்ல. நடந்தா ஆடுறான், கூப்பிட்டா முழிக்கிறான். குடிக்கிறானோன்னு பக்கத்துல போய் மோந்து பார்த்தேன், வாடையே இல்ல. ஆனா பலகை மேல மூட்டையோட ஆடினா நான் எப்படிம்மா பார்த்துட்டு நிக்கிறது?"

இப்போது ஒரு வாரமாகக் கொஞ்சம் தேவலை, ஆட்டம் நின்றிருக்கிறது, ஆனால் முகம்தான் பேயறைந்த மாதிரி இருக்கிறது என்றும் சொன்னார். ஆட்டம் இருந்ததும் நின்றதும் மருந்தோடு சம்பந்தப்பட்டதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் ஒரே ஒரு மாத்திரை ஆளை இந்த ஆட்டு ஆட்டாதே. ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்று ஒரு அக்கா கேட்கிற மாதிரியே கேட்டாள்.

மேஸ்திரி சிரித்தார். இங்கே ராத்திரி ஏது, பகல் ஏது என்றார். லாரி வந்தால் எழுந்திருப்போம், போனால் படுப்போம். சில நாள் உட்காரவே நேரம் இருக்காது, விடிந்து விடிந்து இன்னொரு விடியல் வந்துவிடும். லாரி வராத நாளில் படுப்பதும் எழுவதுமாகவே கிடப்போம். உன் தம்பி இருக்கிறானே, சாக்கைக் கண்டால் போதும், சாய்ந்துவிடுவான் என்றார்.

அக்கா டீக் கிளாஸைக் கீழே வைத்தாள். ஏதோ ஒன்று அவளுக்குள் நழுவி விழுந்தது. இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை, ஆனால் விழுந்த சத்தம் கேட்டது.

அதற்குள் ஒருவன் மூட்டை அடுக்குக்குப் பின்னால் போய் ஒட்டகத்தை எழுப்பிவிட்டான். உன் அக்கா வந்திருக்கிறாள் என்று அவன் சொன்னதும், எனக்கு ஏதடா அக்கா என்று கேட்டுக்கொண்டே ஒட்டகம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். அவளைப் பார்த்தான். ஓடுவதற்குத்தான் முதலில் பார்த்தான். அது காலிலேயே தெரிந்தது. ஆனால் சுற்றி எல்லோரும் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். சொந்த அக்காவைப் பார்த்து எவன் ஓடுவான்? அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாக்கா, எப்போ வந்தே?" என்றான். அவளும் விடவில்லை. "இப்போதான் வரேன். ஏன்டா இப்படி இளைச்சிட்டே?" என்றாள்.

எடை போடும் மேடையின் அந்தப்பக்கம், பழைய டயர்கள் கிடந்த இடத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஆட்கள் காதுக்கு எட்டாத தூரம். ஒட்டகம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா எதுவும் கேட்கவில்லை. இந்த வேலையில் அவள் கற்றுக்கொண்டது, கேட்டால் பொய் வரும், சும்மா இருந்தால் உண்மை தானாக வரும் என்பதுதான். வந்தது.

"நான் விக்கலைக்கா. யாருக்கும் கொடுக்கவும் இல்ல. சத்தியமா எல்லாத்தையும் நானேதான் போட்டேன்."

மருந்து எப்போதோ தீர்ந்துவிட்டது என்றான். இன்னும் நாள் கிடக்கிறது, மாத்திரை இல்லை. வந்து கேட்டால், கொடுத்ததை என்னடா பண்ணினாய் என்று கேட்பீர்கள். ஒன்றையும் வீணாக்காதே என்று அவ்வளவு சொல்லி அனுப்பினீர்கள். விற்றுவிட்டான் என்று பெயர் எழுதிவிட்டால் அப்புறம் மருந்தே கிடைக்காது என்று பயந்துவிட்டேன். அடுத்த தவணை வரும்வரை எப்படியாவது ஓட்டிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வந்து நிற்கலாம் என்று இருந்தேன் என்றான்.

எப்படி அதற்குள் தீர்ந்தது என்று அவள் கேட்டாள். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"நீங்கதானேக்கா சொன்னீங்க, படுக்கும்போது ஒண்ணுன்னு. நான் படுக்கும்போதெல்லாம் ஒண்ணு போட்டேன்."

லாரி போனால் படுக்கிறான், ஒன்று. அடுத்த லாரி போனால் மறுபடி படுக்கிறான், மறுபடி ஒன்று. ஓய்வான நாளில் தலை கிறுகிறுத்து, கண்ட கண்ட கனவெல்லாம் வந்து, பலகை மேல் ஆடியிருக்கிறான். மருந்து வேலை செய்கிறது, அதனால்தான் இப்படி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். லாரி மேல் லாரியாக வந்த நாளில் படுக்கவே இல்லை, அதனால் மாத்திரையும் இல்லை. படுக்காமல் எப்படிப் போடுவது என்று அதையும் நியாயமாகவே யோசித்து, போடாமல் விட்டிருக்கிறான். சொன்ன வார்த்தையை ஓர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்த ஆள் அந்த ஆஸ்பத்திரியிலேயே இவன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

அக்காவுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் சிரிப்பு அடங்கியது. அவளுடைய நாளில் படுப்பது என்பது ஒருமுறைதான். விளக்கை அணைத்து, கதவைத் தாழ் போட்டு, பாயை விரித்தால் அது படுப்பது. எல்லோருக்கும் அப்படி ஒரு கதவும் பாயும் இருக்கிறது என்று நினைத்துப் பாட்டுப் பாடி அனுப்பியிருக்கிறாள். அவளே சுமை தூக்கினவள்தானே, மூட்டைக்காரன் எப்போது தூங்குவான் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

"உன் மேல தப்பே இல்லடா. தப்பு என் வாயில. ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு சொல்லியிருக்கணும், நான் படுக்கையைப் பிடிச்சிக்கிட்டேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அப்போ என்னைத் தள்ளிவிட மாட்டீர்களா என்று கேட்டான். தள்ளுவதற்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து உன் மேஸ்திரியிடம் திட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். அவன் நெட்டைக் கழுத்து கொஞ்சம் இறங்கியது. முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டான். பிறகு, பிள்ளை விஷயம் கெட்டுப்போயிற்றா என்று துண்டுக்குள்ளிருந்தே கேட்டான். அதை டாக்டர்தான் ரத்தம் பார்த்துச் சொல்ல வேண்டும், நீ நாளைக்கே வர வேண்டும் என்றாள் அக்கா. கெடவில்லை என்று பொய் சொல்லித் தேற்ற அவளுக்கு மனசில்லை.

அடுத்த சிக்கல், எப்போது போடுவது என்பது. அவனுடைய நாளில் ஒரே ஒருமுறை மட்டும், தவறாமல் வருவது எது? சாப்பாடு என்றாள். பசித்தபோது சாப்பிடுவோம், நேரம் கிடையாது என்றான். பொழுது விடிவது என்றாள். கிடங்குக்குள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், விடிந்ததே தெரியாது என்றான். போனில் மணி வைத்துக்கொள் என்றாள். போன் மேஸ்திரி மேஜையில் பாதி நாள் சார்ஜில் கிடக்கும், மணி அடித்தால் அவர்தான் எழுந்து மாத்திரை போட வேண்டும் என்றான். இப்போதுதான் அவன் வாயிலிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சு வந்தது. வியாதிக்காரன் பாதி தேறிவிட்டான் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் அவனேதான் கண்டுபிடித்தான். கிடங்குக் குழாயில் நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் விடுவார்கள், மத்தியானத்துக்கு மேல். அதற்கு மட்டும் லாரியே காத்திருக்கும். லாரி முதலாளி தலைகீழாக நின்றாலும் ஒருவனும் மூட்டையைத் தொடமாட்டான். சிமெண்டுத்தூசி தோலில் உறைந்துபோனால் அரித்தே ஆள் செத்துப்போவான். எல்லோரும் வரிசையாகக் குளித்து, தலை துவட்டி, சீவிக்கொண்டு, பிறகுதான் அடுத்த வேலை.

"தண்ணி வர்றதை நான் என் கல்யாணத்தன்னைக்குக்கூட மறந்திருக்க மாட்டேன்க்கா."

அப்படியென்றால் குளித்து, கை காய்ந்து, சீப்பை எடுக்கும்போது மாத்திரை என்று முடிவாயிற்று. வீட்டுக்குப் போகிற நாளிலும் அதே நேரம்தான். ஈரக்கையோடு மட்டும் டப்பாவைத் தொடாதே என்றாள். எல்லோரும் பார்ப்பார்களே என்று அவளுக்குத்தான் கவலை. ஒட்டகத்துக்கு அந்தக் கவலை இல்லை. மேஸ்திரிக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை, இரண்டு பேருக்கு வயிற்றெரிச்சல், மற்றவர்களுக்கு முதுகுவலி, முட்டிவலி. குளித்துவிட்டு எல்லோரும் அவரவர் டப்பாவைத்தான் தேடுவார்கள், மாத்திரை போடாதவன் அங்கே எவன் இருக்கிறான் என்றான்.

மேஸ்திரி மறுநாள் விடுப்பு கொடுக்க முகம் சுளித்தார். கூடப் பிறந்தவள் கேட்கிறேன் அண்ணே, உடம்பைக் காட்டிக் கொண்டுவந்து விடுகிறேன் என்று அக்கா சொன்ன பிறகு, முதலில் காட்டு, பலகையில் ஆடாத ஆளாகத் திருப்பி அனுப்பு என்று விட்டுவிட்டார்.

மறுநாள் பச்சைக் கதவுக்குள் ஒட்டகம் வந்தபோது, மருந்து கொடுக்கும் நர்சு முகத்தை இறுக்கமாகத்தான் வைத்திருந்தாள். அக்கா நடந்ததைச் சொன்னாள். நர்சு சிரித்தாள், பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. நானும் எல்லோரிடமும் அப்படித்தானே சொல்கிறேன் என்றாள். டாக்டர் அவனைத் திட்டவில்லை. அதிகம் போட்டதால் பெரிய கெடுதல் நேரவில்லை, விட்ட நாட்கள்தான் கவலை, ரத்தம் பார்ப்போம், மருந்தை இன்றைக்கே மறுபடி ஆரம்பி என்றார். அவன் டப்பாவைக் கையில் வாங்கியபோது, தப்பிப்போன கோழியைப் பிடித்த மாதிரி இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் அவனே பெண்டாட்டியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். அவள் அழவில்லையாம். இவ்வளவு வளர்ந்த ஆளுக்கு ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளத் தெரியாதா என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டு, இந்த வாரமாவது வீட்டுக்கு வந்து சேர் என்றாளாம்.

அதற்குப் பிறகு அக்காவின் பாட்டு மாறிவிட்டது. புதிதாக வருகிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது, உங்கள் நாள் எப்படிப் போகிறது என்றுதான். ரொட்டி அடுப்புக்காரர் ஒருவர் ஊரே தூங்கும்போது மாவு பிசைந்து, ஊரே எழும்போது படுக்கிறவர். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, நான் படுத்தே மாதக்கணக்காகிறது அக்கா, உட்கார்ந்தபடியே கண் மூடுவதோடு சரி என்றாள். ஒவ்வொருவருக்கும் அவரவர் நாளில் ஒரு நிலையான இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ரொட்டிக்காரருக்கு அடுப்பை அணைக்கும் நேரம். கைக்குழந்தைக்காரிக்கு மாமியார் வாசல் கூட்டும் சத்தம். இந்தப் பேச்சுக்கு நேரம் அதிகம் பிடித்தது, பெஞ்சில் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒட்டகம் தவணை தவறாமல் வந்தான். முதல் சோதனையில் கிருமி இருக்கத்தான் செய்தது, டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். அடுத்ததில் வெகுவாக இறங்கியிருந்தது. அதற்கடுத்ததில் அகப்படவே இல்லை. இது நிற்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிடுவோம் என்று டாக்டர் தள்ளிப்போட்டபோது, அவன் முனகாமல் தலையாட்டிவிட்டுப் போனான். இடையில் ஒருநாள் மேஸ்திரி அவனிடம், உன் அக்காவை ஒருநாள் கூட்டிவா, அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன் என்றாராம்.

இன்னொரு தடவையும் பார்த்தாயிற்று. முடிவு சொல்கிற அன்றைக்கு அவன் தனியாகத்தான் வந்திருந்தான். பெண்ணுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டம், பெண்டாட்டியால் வர முடியவில்லை. டாக்டர் தாளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நிலைத்து நிற்கிறது, மருந்தை மட்டும் எந்த நாளும் விடாதே, மற்றபடி உங்கள் விருப்பம் என்றார்.

ஒட்டகம் வெளியே நடைக்கு வந்து பெண்டாட்டிக்குப் போன் போட்டான். அவள் எடுத்தாள். அவன் வாயைத் திறந்தான். கழுத்து மட்டும் மேலும் கீழும் போய் வந்தது. மூட்டையை மாற்றிக் கொடுப்பது போல் போனை அக்காவின் கையில் வைத்து, நீங்களே சொல்லுங்கள் என்று ஜாடை காட்டினான்.

"டாக்டர் சரின்னுட்டார்மா. நீங்க தாராளமா பெத்துக்கலாம்."

அந்தப்பக்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் இரைச்சல் மட்டும் தூரத்தில் கேட்டது. பிறகு அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவர் ஏதாவது சாப்பிட்டாரா அக்கா, காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பியிருப்பாரே என்று கேட்டாள். சாப்பிடவைத்து அனுப்புகிறேன் என்று அக்கா சொன்னாள்.

ஆனால் ஒட்டகம் சாப்பிட நிற்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தவன், ஐயோ தண்ணி வந்துடும் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நீளக் காலை வீசி, எக்ஸ்ரே வரிசையில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு போய்விட்டான். அக்கா அவன் முதுகு மறைகிறவரை பார்த்துவிட்டு உள்ளே திரும்பினாள். பெஞ்சில் புதிதாக ஒரு பெண் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்று பேச்சை ஆரம்பித்தாள்.